ரண ஜன்னி இளகிய நாட்கள்

ரண ஜன்னி கண்டவருக்கு நினைவு தப்பிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தப்பாது. கண் தெரியும், காது கேட்கும். பக்கத்தில் நிற்பவர் தணிந்த குரலில் "இது தேறாது" என்று சொன்னால் அதுவும் தெளிவாகக் கேட்கும். பதில் சொல்ல மட்டும் வாய் திறக்காது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த நோய் கண்ட யார் பக்கத்திலாவது நீங்கள் உட்கார நேர்ந்தால், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

நான் ஆம்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் சின்ன வகுப்புக்கு ஆசிரியை. என் கணவர் தேவசகாயம் ஊர் ஓரத்துத் தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வோம். ஒரு நாள் பள்ளி இல்லை. அவருக்குச் சோறு எடுத்துப் போனேன். ஷாப்பின் பின்பக்கத்தில் தோல்களைப் பலகையில் விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்துக் காயவைப்பார்கள். பழைய பலகை ஒன்று சாணமும் மண்ணுமாகத் தரையில் கிடந்தது. அதன்மேல் கால் வைத்துவிட்டேன். குதிகாலில் ஆணி ஏறி இறங்கியது. ரத்தம்கூட அதிகம் வரவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். சில நாளில் காயம் மூடிக்கொண்டது. நானும் மறந்துபோனேன்.

பிறகு ஒரு காலையில் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போனபோது வாய் பாதிதான் திறந்தது. கடைவாய்ப் பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக் கதீஜா பீ இரண்டு லவங்கம் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கடிச்சிக்கினு இரு டீச்சரம்மா. ஜாஸ்தி பேசாதே, சரியாப் போய்டும்."

சரியாகவில்லை. மறுநாள் வகுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டே பாடம் சொன்னேன். பிள்ளைகள் அதை விளையாட்டென்று எண்ணி அதே மாதிரி பேசிக் காட்டினார்கள். அன்று சாயங்காலம் கழுத்து விறைத்தது. விளக்கேற்றும் நேரத்தில் என் மகள் சுந்தரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா சிரிச்சிக்கினே இருக்கே?"

நான் சிரிக்கவில்லை. ரசம் போன கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துப் பல்லெல்லாம் தெரிந்தது. புருவம் மேலே ஏறியிருந்தது. யாரோ ஒருத்தி என் முகத்தைப் போட்டுக்கொண்டு இளித்தாள். கையால் உதட்டை இழுத்து மூடினேன். கையை எடுத்ததும் பழையபடி ஆகிவிட்டது. குழந்தை அழத் தொடங்கினாள். கதீஜா பீ வந்து என்னைப் பார்த்தாள், சுந்தரியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

ஊர் வைத்தியர் என் முகத்தைப் பார்த்ததுமே காலைக் காட்டச் சொன்னார். குதிகாலை அழுத்தினார். பிறகு கணவரை வாசலுக்கு அழைத்துப் போனார். வாசல் தூரமில்லை.

"ரண ஜன்னி. இங்க வெச்சிருந்தா உசுரு நிக்காது. அடுத்த வண்டிக்கே வேலூருக்குக் கொண்டு போ. வழியில அதிராம பாத்துக்க."

அதிராமல் ரயிலில் எப்படிப் போவது? வண்டி கிளம்பி ஊதியபோது முதல் இசிவு வந்தது. முதுகு எலும்பைப் பின்னாலிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி உடம்பு வில்லாக வளைந்தது. தலையும் குதிகாலும் மட்டும் பலகையில் ஊன்றியிருந்தன. மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. வயிற்றுத் தசை கல்லாக இறுகி வலித்த வலியைப் பிரசவ வலியோடுகூட ஒப்பிடமாட்டேன். பிரசவத்தில் கத்தலாம். இதில் கத்த வாய் இல்லை. பெட்டியில் இருந்தவர்கள் சாமி வந்திருக்கிறது என்றார்கள். ஒருவர் திருநீறு கொடுத்தார். என் கணவர் கிறிஸ்தவர். ஆனாலும் வாங்கி என் நெற்றியில் பூசினார். அன்றைக்கு அவர் எதையும் மறுத்திருக்கமாட்டார்.

காட்பாடியில் இறங்கி ஜட்கா வண்டியில் வேலூருக்குப் போனோம். பெண்களுக்கான ஆஸ்பத்திரி. நடுவயதுத் தமிழ் டாக்டரம்மா ஒருவர் என்னைப் பார்த்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசாதவர். என் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"உனக்குக் கேக்கும்னு எனக்குத் தெரியும். மண்ணுலயும் சாணத்துலயும் ஒரு கிருமி இருக்கு. ஆணியோட உள்ள போயிருக்கு. அது கக்குற விஷம் நரம்பு வழியா ஏறித் தசையெல்லாம் முடுக்கி விட்டிருக்கு. விஷத்தை முறிக்க ஊசி மருந்து இருக்கு. ஆனா ஏற்கெனவே நரம்புல ஒட்டினதை மருந்து கழட்டாது. அது மெதுவாத் தானா விடணும். அதுவரைக்கும் உன்னைக் காப்பாத்தி வெக்கறதுதான் எங்க வேலை."

காயத்தைக் கீறித் திறந்து, நுரைக்கும் மருந்தால் கழுவினார்கள். இருந்த ஊசி மருந்தைப் போட்டார்கள். அது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தைப் பழக்கினால், அதன் ரத்தமே விஷத்தை முறிக்கக் கற்றுக்கொள்கிறதாம். ஆனால் இருந்தது ஒரு வேளைக்குத்தான். இன்னும் வேண்டும் என்று கணவரைச் சென்னைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள்.

என்னை ஒரு தனி அறையில் போட்டு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார்கள். வெளிச்சம் பட்டால் இசிவு வரும். சத்தம் கேட்டால் வரும். கொசு உட்கார்ந்தாலும் வரும். காதில் பஞ்சு வைத்தார்கள். நர்ஸ் எஸ்தர் வெறுங்காலில்தான் உள்ளே வருவாள். கடைவாயில் எப்போதோ பிடுங்கிய ஒரு பல்லின் சந்து இருந்தது. அதன் வழியாகக் குழாய் விட முயன்றபோதெல்லாம் தொண்டை பூட்டிக்கொண்டது. அதனால் தூக்க மருந்தையும் சத்து நீரையும் ஆசனவாய் வழியாக ஏற்றினார்கள். வெட்கப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

தூக்க மருந்தின் பிடி தளரும் நேரம்தான் கொடுமை. அடுத்த இசிவு எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். தெருவில் ஜட்காக்காரன் சாட்டையைச் சுண்டுவான். எங்கோ ஒரு பாத்திரம் விழும். காகம் ஒன்று ஜன்னலுக்கு வெளியே உட்காரும். அது வாய் திறக்கக் கூடாதே என்று நான் இயேசுவையும், சின்ன வயதில் கும்பிட்ட மாரியம்மனையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன். பக்கத்து அறையில் ஒரு பச்சைக் குழந்தை இருந்தது. தொப்புள் கொடி அறுத்த கத்தி வழியாக அதற்கும் இதே நோய். அதன் தாய் இடைவிடாமல் "ஓ ராசா, ஓ ராசா" என்று முனகுவாள். ஒரு சமயம் அந்த முனகல் நின்றது. எஸ்தர் என் காதுப் பஞ்சை அழுத்திவிட்டுப் போனாள். எனக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. அடுத்தது நான் என்றும் தோன்றியது.

இந்த நிலையில்தான் என் அக்கா வந்தாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜம்மா என் கூடப் பிறந்தவள். நாட்றம்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா செத்த பிறகு என்னைச் சீராட்டி வளர்த்து, தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். நான் ஞானஸ்நானம் வாங்கி, தோல் தொடுகிறவரை, அதுவும் நாங்கள் புழங்காத தெருக்காரரைக் கட்டிக்கொண்ட அன்று, "எனக்குத் தங்கச்சி செத்துட்டா" என்று ஊரறியச் சொல்லித் தலை முழுகினாள். அதற்குப் பிறகு பேச்சில்லை. சந்தையில் எதிரே பார்த்தால் மாட்டுக்கு வழி விடுகிற மாதிரி ஒதுங்கிப் போவாள். ஷாப்புக்குத் தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிவரும் வண்டிக்காரர் ஒருவர் அவள் ஊர்க்காரர். அவர் போய் என் நிலைமையைச் சொல்லியிருக்கிறார்.

கதவு திறந்த வெளிச்சத்தில் அவள் நின்றதைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தாள். எனக்குள் எல்லாம் அவளிடம் ஓடியது. ஆனால் என் முகத்தில் அந்த இளிப்பு அப்படியே இருந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"சாவக் கெடக்கறாளேன்னு சோறு தண்ணி இல்லாம ஓடியாந்தேன். என்னைப் பாத்து இன்னா இளிப்புடி உனக்கு? ஜெயிச்சிட்டேன்னு சிரிக்கிறியா?"

அந்தக் குரல் கேட்டதும் உடம்பு வளைந்தது. இல்லை அக்கா, இது நான் இல்லை என்று சொல்ல முடியாமல் என் நாக்கைப் பல் கடித்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. எஸ்தர் ஓடிவந்தாள். அக்கா வெளியே போய்விட்டாள் என்பது கதவு மூடிய இருட்டில் தெரிந்தது. அந்த நோய்க்காலம் முழுவதிலும் எனக்குப் பெரிய பயம் அந்த நேரத்தில்தான். செத்துப்போவேன், அவள் ஆயுசு முழுக்க நான் சிரித்தேன் என்றே நினைப்பாள்.

வராந்தாவில் எஸ்தர் பேசியது அரைகுறையாகக் கேட்டது.

"அது சிரிப்பு இல்லம்மா. சீக்கு முகத்தை இழுத்து வெச்சிருக்கு. செத்தாலும் அப்படியே நிக்கும். உள்ளுக்குள்ள அவங்க அழுதுக்கினு இருக்காங்க."

அக்கா பதில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் கணவர் பட்டணத்திலிருந்து திரும்பினார். மருந்துப் புட்டிகளைத் தகர டப்பாவில் வைத்து, சுற்றிலும் பனிக்கட்டியும் மரத்தூளும் போட்டு, சாக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வெயிலில் மருந்து கெட்டுவிடுமோ என்று அவருக்கு உயிரே இல்லை. வண்டியில் மடியிலேயே வைத்திருந்தாராம். அரக்கோணம் தாண்டியதுமே சாக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது. மீன் கூடை என்று எண்ணிப் பக்கத்தில் இருந்தவர் சண்டைக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அதே ஆள் தன் மேல்துண்டை அவிழ்த்துச் சாக்கைச் சுற்றிக் கட்டிவிட்டார். கணவர் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சாக்குக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தபடியே வந்திருக்கிறார். இங்கே வந்து அவிழ்த்தபோது தேங்காய் மூடி அளவுதான் கட்டி மிச்சம். புட்டிகள் மட்டும் சில்லென்றே இருந்தன.

ஊசி போட்டார்கள். டாக்டரம்மா அந்த மிச்சத்தைப் பார்த்துவிட்டு, "இதை வீணாக்க வேணாம்" என்றார். தொண்டை நனைந்து பல நாள் ஆகியிருந்தது எனக்கு. தண்ணீரை ஊற்றினால் இசிவு வருகிறது; பனிக்கட்டிச் சில்லு ஒன்றைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே வைத்தால் அது உருகுகிற வேகத்தில் இறங்கும், தொண்டைக்குத் தெரியாது. எஸ்தர் சில்லு உடைத்தாள்.

அப்போது கதவருகே யாரோ அசைவது தெரிந்தது. அக்கா. அவள் ஊருக்குப் போகவில்லை. ராத்திரி வராந்தாவிலேயே கிடந்திருக்கிறாள். வெறுங்காலோடு வந்தாள். கண்ணாடி வளையல் சத்தம் போடக் கூடாதென்று இரண்டு கையிலும் கந்தல் துணி சுற்றியிருந்தாள். கால் மெட்டிக்கும் நூல் சுற்றியிருந்தாள். எஸ்தரிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் அதுவரை பனிக்கட்டியைக் கண்டதில்லை. விரல் பட்டதும் சுட்ட மாதிரி கையை இழுத்தாள். பிறகு சில்லை எடுத்து என் கன்னத்துக்குள் வைத்தாள்.

முதலில் குளிர் பல்லில் ஏறியது. இதோ இசிவு வரப்போகிறது என்று உடம்பு முழுக்கப் பயந்தது. வரவில்லை. கட்டியின் ஓரம் கரைந்து ஒரு துளி நாக்கின் பக்கம் ஊறி வந்தது. அது இறங்கியது. இன்னொரு துளி. என் வாயிலிருந்து வழிந்ததை அக்கா தன் விரலாலேயே துடைத்தாள். எங்கள் வீட்டுப் பக்கம் வந்தாலே தீட்டு என்றவள். அவள் கண்ணில் நீர் வழிந்தது. மூக்கை உறிஞ்சினால் சத்தம் கேட்கும் என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அந்த அறையில் அழவும் கூடாது, பேசவும் கூடாது. அதுவே எங்களுக்கு நல்லதாகிவிட்டது என்று நினைக்கிறேன். பேச முடிந்திருந்தால் யார் செய்தது சரி என்று தொடங்கியிருப்போம். அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் சும்மா படுத்திருந்தேன். பகல் போகும், மறுபடி பொழுது விடியும், அவள் இருப்பாள். இசிவு வரும்போது என் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையைக் கொடுப்பாள். அந்தக் கை கன்றிக் கறுத்தது. கணவர் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய், மெயில் வண்டியின் சாப்பாட்டுப் பெட்டி பட்லரிடம் கெஞ்சி, துரைமார் பானத்தில் போட்டுக் குடிக்கும் பனிக்கட்டியில் கொஞ்சம் வாங்கி வருவார். வாசல் வரை கொண்டுவந்து தரையில் வைப்பார். அக்கா எடுத்துக்கொள்வாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கமாட்டார்கள்.

நோய் ஒரே நாளில் விடவில்லை. இசிவு வராத நேரம் கொஞ்சம் நீண்டது. பிறகு ஒரு பகல் முழுக்க வரவில்லை. அன்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், மறுநாள் முன்னைவிடக் கடுமையாக வந்தது. நான் நம்பிக்கையை விட்டேன். வாசலில் நின்ற கணவர்தான் மெதுவாகப் பேசினார்.

"காஞ்சு விறைச்ச தோலை ஷாப்புல இன்னா பண்ணுவோம்? தண்ணியில போட்டுட்டுச் சும்மா விட்ருவோம். அவசரப்பட்டு மடிச்சா ஒடிஞ்சிடும். ஊறி ஊறித்தான் இளகும். பயப்படாதே கனகம்."

அக்கா முதல் முறையாக அவர் பக்கம் திரும்பினாள். அவர் எவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருக்கிறார் என்று பார்த்த மாதிரி இருந்தது. கீழே கிடந்த பாயைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

பிறகு மெல்ல மெல்ல விட்டது. முதலில் கை. அப்புறம் கழுத்து. ஒரு காலையில் அக்கா என் முகத்தைப் பார்த்தவள், உள்ளங்கையை என் கன்னத்தில் வைத்து, எஸ்தரிடம் கிசுகிசுத்தாள்: "சிரிப்பு போய்டுச்சு பாரு." தங்கையின் முகத்திலிருந்து சிரிப்பு போனதற்குச் சந்தோஷப்பட்ட அக்கா அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். தாடை கடைசியாகத்தான் இளகியது. டாக்டரம்மா தினமும் பல்லுக்கு நடுவே மெல்லிய மரத்தகட்டை வைத்துப் பார்ப்பார். தகடு போனது, அப்புறம் விரல் நுனி போனது. கஞ்சித் தண்ணீர், பிறகு குழைந்த சோறு. நடக்கப் பழகியபோது அடிவயிறு இன்னும் பலகையாக இருந்தது.

பேச்சு வந்த அன்று நான் கேட்ட முதல் கேள்வி அவள் கணவரைப் பற்றித்தான்: "மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வயலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வண்டி ஏறிட்டேன். இப்பத் தெரிஞ்சிருக்கும்."

"வீட்ல சேக்கலைன்னா?"

"அத நான் பாத்துக்கறேன். நீ வாயை மூடு." சொல்லிவிட்டு உடனே பதறினாள். "இல்ல, மூடாதே. பேசு."

மாமா சேர்த்துக்கொண்டார், ஆனால் சுலபமாக இல்லை. அவள் தன் வீட்டு வாசலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம். உள்ளே போன பிறகும் அவர் பல வாரம் அவளோடு பேசவில்லை. அதை அவள் எனக்குச் சொல்லவில்லை; பட்டை வண்டிக்காரர்தான் சொன்னார்.

இப்போது நான் பள்ளிக்குப் போகிறேன். மார்கழிக் குளிரில் தாடை சற்று இறுகினாலும், யாரும் பார்க்காதபோது வாயில் விரலை விட்டு அளந்து பார்த்துக்கொள்கிறேன். சுந்தரி வெகுநாள் என் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். நான் நிஜமாகச் சிரித்தால்கூட ஓடிப்போய்க் கதீஜா பீயின் புடவைக்குள் ஒளிந்துகொள்வாள். அது மாறவும் காலம் பிடித்தது.

போன மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள், முதல் தடவையாக. மாமாவிடம் சொல்லிவிட்டே வந்திருந்தாள். வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். வெயிலில் வந்ததால் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், அண்ணாந்து குடித்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள். இலை போடட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். இன்னைக்கு வேணாம்."

எனக்கு முகம் சுண்டியிருக்க வேண்டும். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ போட்டுக்க. என் எதிர்ல தின்னு."

சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முருங்கைக்காய்ச் சாம்பாரும் வறுத்த கருவாடும். அக்கா எதிரே முட்டியைக் கட்டிக்கொண்டு, நான் எடுத்த ஒவ்வொரு கவளத்தையும், அதை நான் மெல்லுவதையும், விழுங்குவதையும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முருங்கைக்காயைக் கடித்து இழுத்தபோது அவள் வாயும் தன்னால் திறந்தது. தட்டு காலியாகும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.